பூங்காவன நகர் ஸ்டாப்புக்கு ஒரு பெஞ்சு

ஓசூரில் பாகலூர் ரோட்டில் பூங்காவன நகர் என்று ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. பூங்காவும் கிடையாது, வனமும் கிடையாது. பெயர் வைத்தவர் பிளாட் போட்டு விற்றவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஸ்டாப்பில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. ஒருநாள் அதன் கால் ஒன்று ஒடிந்துபோயிற்று. ஊர் உலகத்தில் பெஞ்சுக்குக் கால் ஒடிந்தால் ஒரு சட்டி கலவை கலந்து பூசுவார்கள், இல்லையென்றால் ரெண்டு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இங்கேயும் அப்படித்தான் நடந்திருக்கும், மாதேஸ்வரி மட்டும் முறைப்படி போய்க் கேட்காமல் இருந்திருந்தால்.

அவளுக்கு அந்தப் பெஞ்சு எதற்கு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவள் வீட்டுக்காரர் ராஜப்பன் ஒரு கம்பெனி குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். வேலை முடிந்து வண்டியில் திரும்பும்போது ஜூஜுவாடி பக்கம் ஒரு லாரி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. தினமும் நடக்க வேண்டும், நடக்காமல் விட்டால் கால் இறுகிப்போய் ஆயுசுக்கும் கட்டில்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டிலிருந்து ஸ்டாப் வரைக்கும் ராஜப்பனால் நடக்க முடியும். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் திரும்பி வர முடியும். வழியில் உட்கார வேறு இடம் கிடையாது. ஒரு பக்கம் கம்பெனிக் காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் சாக்கடை. ஆக, பெஞ்சு இருந்தால் ராஜப்பன் நடப்பார், இல்லையென்றால் நடக்க மாட்டார். விஷயம் அவ்வளவுதான்.

மாதேஸ்வரி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்க்கிறவள். ஒருநாள் லீவு போட்டுவிட்டு வார்டு ஆபீசுக்குப் போனாள். பஸ் ஸ்டாப் பெஞ்சுகளெல்லாம் இப்போது எங்கள் கையில் இல்லை, எல்லை நகர் எழில் மன்றத்திடம் கொடுத்தாயிற்று, அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள்.

கம்பெனிகள் தர்மத்துக்கென்று ஒதுக்குகிற பணத்தை வைத்து நடக்கிற மன்றம் அது. தலைவர் விஜயகுமார். ராயக்கோட்டைக்காரர், ஒரு ஃபேக்டரியில் பர்சனல் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஒருத்தரும் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டவருக்கு, ரிட்டையர் ஆனதும் மக்கள் உட்காருவதைப் பற்றிப் பெரிய அக்கறை வந்துவிட்டது. மனுசன் மாறக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

மாதேஸ்வரி சொன்னதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நீங்க ஒரு கால் ஒடிஞ்சதப் பாக்குறீங்கம்மா. நான் ஒரு வாய்ப்பப் பாக்குறேன்."

"கால்தான் சார் ஒடிஞ்சிருக்குது" என்றாள் மாதேஸ்வரி. "ஒரு சட்டி கலவ போட்டாப் போதும்."

அவர் சிரித்தார். கலவை போட்டால் அது பெஞ்சாகத்தான் இருக்கும், இந்த ஊரின் ஆன்மா அதில் எப்படி வெளிப்படும் என்று கேட்டார். கட்டடக்கலையின் அலங்கார மரபும் மக்களின் கூட்டு வெளிப்பாடும் கைகோக்கிற இருக்கை ஒன்றை நாட்டுக்கே முன்மாதிரியாக அந்த ஸ்டாப்பில் அமைக்கப்போகிறோம், அதற்கு விதை போட்டது நீங்கள்தான் என்று எழுந்து நின்று கைகூப்பினார். அவளும் பதறிப்போய்க் கைகூப்பினாள். வெளியே வந்த பிறகுதான் விதை எதற்கு, நாம் கேட்டது சிமென்ட் அல்லவா என்று தோன்றியது.

முதல் காரியமாகப் பழைய பெஞ்சுக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒடிந்த காலோடு சாய்ந்து கிடந்த பெஞ்சுக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, விஜயகுமார் அதன் சேவையைப் பற்றிப் பேசினார். இத்தனை காலம் எத்தனையோ பேரைத் தாங்கிய இந்தப் பெஞ்சு ஒருநாளாவது லீவு கேட்டிருக்குமா என்றார். பழக்கதோஷம். கூட்டத்தில் நின்ற ஷிப்ட் ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் டிராக்டர் வந்து பெஞ்சை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஒடிந்த பெஞ்சிலாவது ஓரமாகக் குந்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ராஜப்பனுக்கு அன்றைக்கே அதுவும் போயிற்று.

இப்போது அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தார். கட்டிலிலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து கட்டிலுக்கு. அடுப்படிக்கு வந்தவர் சும்மா போவாரா, சாம்பாருக்குப் புளி பத்தலை, காரம் கம்மி என்று ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார். மாதேஸ்வரிக்கு அவர் கால்மேல் இருந்த கவலை ஒரு பக்கம், வாய்மேல் வந்த கோபம் ஒரு பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு ஸ்டாப்புக்குக் கிளம்பினாள்.

ஸ்டாப்பைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டி, ஒரு வாட்ச்மேனைப் போட்டிருந்தார்கள். அவர் ஸ்டூலைப் பார்த்ததும் விசிலை எடுத்தார். டிசைன் நடக்கிற இடத்தில் வெளி இருக்கை எதுவும் வைக்கக்கூடாது, தலைவர் ஆர்டர் என்றார். உட்காரும் ஏக்கம் மக்களிடம் கலையாமல் இருந்தால்தான் டிசைன் சரியாக வருமாம். ராஜப்பனுக்கு அப்போதே கால் நடுங்க ஆரம்பித்திருந்தது. அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு, மறு கையில் ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு மாதேஸ்வரி வீடு வந்து சேர்ந்தாள். காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த ராஜப்பன், இனிமேல் இந்த வீட்டுப் படியைத் தாண்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அடுத்து ஆய்வு. ரெனிட்டா என்ற டிசைனர் பெண் வந்தாள். ஓசூரிலேயே பிறந்து, பெங்களூரில் படித்து, அது பத்தாதென்று வெளிநாட்டிலும் போய்ப் படித்துவிட்டு வந்தவள். தங்கமான பெண், கெட்ட எண்ணம் என்று ஒன்றும் கிடையாது. சிக்கலே அதுதான், கெட்ட எண்ணமாவது இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் எந்தக் காலில் நிற்கிறார்கள், எப்போது கால் மாற்றுகிறார்கள், எதன்மேல் சாய்கிறார்கள் என்று நாள் கணக்கில் படம் பிடித்தாள். மாதேஸ்வரியோடு வேலை பார்க்கும் சாந்தம்மா பஸ்ஸுக்கு நின்று நின்று கால் மாற்றியதைப் பார்த்து, இது நடனம் மாதிரி இருக்கிறது என்று பாராட்டினாள். சாந்தம்மா கன்னடக்காரி. என்ன சொல்கிறாள் இவள் என்று மாதேஸ்வரியிடம் கன்னடத்தில் கேட்டாள். நீ ஆடுகிறாய் என்கிறாள் என்று மாதேஸ்வரி சொன்னாள். சாந்தம்மா ரெண்டு நாள் அந்தப் பக்கம் நிற்காமல் அடுத்த ஸ்டாப்பில் போய் ஏறினாள்.

ராஜப்பனைப் பார்க்க ரெனிட்டா வீட்டுக்கே வந்தாள். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, பாசமாகத்தான் கேட்டாள்.

"அங்கிள், உக்காருறதுன்னா உங்களுக்கு என்ன?"

"காலு நோவாதும்மா."

"அதுக்கும் மேல?"

ராஜப்பன் யோசித்தார். "இடுப்பும் நோவாது."

இந்தப் பேச்சை மன்றத்தின் அறிக்கையில் மரியாதையாகப் போட்டிருந்தார்கள். உட்காருதல் என்பது உடல் வலியிடம் கேட்டு வாங்கும் விடுப்பு என்று உழைக்கும் மக்கள் கருதுகிறார்கள் என்று இருந்தது. ராஜப்பனிடம் படித்துக் காட்டினாள் மாதேஸ்வரி. யாரோ நல்லாப் பேசியிருக்காங்களே என்றார் அவர்.

அப்புறம் வந்தது கூட்டு வெளிப்பாட்டுப் பட்டறை. ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, ஏரியா மக்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். மண்டபத்துச் சேர்களை அடுக்கி ஒரு மூலையில் கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். உட்கார்ந்தவர் நின்றவர் என்ற பேதம் இன்றைக்கு வேண்டாம், எல்லோரும் நிற்போம் என்றார் விஜயகுமார் மேடையிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி. சாப்பாடு போட்டார்கள், அதையும் குறை சொல்லக்கூடாது, போளி, இங்கே ஹோளிகெ என்பார்கள், அது வரைக்கும் இருந்தது.

ரெனிட்டா மைக்கைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். உங்கள் வீட்டிலேயே அழகு எது? எதை நீங்கள் வாரம் தவறாமல், யாரும் சொல்லாமலே அலங்காரம் பண்ணுகிறீர்கள்?

சாந்தம்மா முதலில் கையைத் தூக்கினாள். "ஹொஸ்திலு" என்றாள். வாசற்படியைத்தான் சொல்கிறாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ரெண்டு ஓரத்திலும் பூ வைப்பாளாம். அவள் முடிக்கும் முன்னே பின்னாலிருந்து ஒரு தெலுங்குக்காரம்மா, எங்கள் வீட்டில் கடபதான் அழகு என்றாள். அதுவும் வாசற்படிதான். மாதேஸ்வரி விடுவாளா? சொந்த வீடு கட்டும்போது தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து மரம் எடுத்து வந்து நிலை வைத்ததையும், நிலைக்குப் பொங்கல் வைத்ததையும், தன் வீட்டுப் படியில் போடுகிற கோலம் அந்தத் தெருவில் ஒருத்திக்கும் வராது என்பதையும் எல்லாரையும்விட நீளமாகச் சொன்னாள். ரெனிட்டாவின் அம்மா ஜெபசீலியும் வந்திருந்தாள். தங்கள் வீட்டு நிலைக்கு ஃபாதர் வந்து மந்திரித்துச் சிலுவைக் குறி போட்டதையும், கிறிஸ்துமசுக்கு நட்சத்திரம் கட்டுவதையும், படியைத் தினம் துடைக்காமல் தனக்குக் காப்பி இறங்காது என்பதையும் சொன்னாள். அதற்கப்புறம் மைக் யார் கைக்குப் போனாலும் வாசற்படிதான்.

விஜயகுமார் உருகிப்போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"மூணு மொழி, ஆளுக்கொரு சாமி, ஆனா ஒரே வாசல். மக்களே சொல்லிட்டாங்க. இனிமே மக்களக் கேக்காம செஞ்சோம்னு ஒருத்தரும் எங்களச் சொல்ல முடியாது. ஒரு சாதாரண பெஞ்சுல யாரு வேணா வந்து உக்காருவாங்க. நம்ம பெஞ்சு அப்பிடிப்பட்ட பெஞ்சா இருக்காதுன்னு நான் உறுதி குடுக்குறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். மாதேஸ்வரியும் தட்டினாள். தன் வாயால் சொன்னது கல்லில் வரப்போகிறது என்றால் யாருக்குத்தான் பூரிப்பாக இருக்காது?

கல்லில் வர மாதக்கணக்காயிற்று. முதலில் தெர்மாகோலில் ஒரு மாதிரி செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஸ்டாப்பில் நிறுத்தினார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பெட்டியின் நிழலில் நின்றார்கள். மாதிரியில் உட்கார்ந்திருந்த பொம்மை மனிதனைப் பார்த்துச் சிலர் பெருமூச்சு விட்டார்கள். அப்புறம் கிரானைட் வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமா, தடுக்கி விழுந்தால் குவாரி. ஆனாலும் சாந்தமான கல்லாக வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கல்லில் சாந்தம் எப்படிப் பார்க்கிறது என்று கேட்காதீர்கள், அதற்கும் ஒரு துணைக்குழு இருந்தது. மாம்பழ சீசன் வந்து போயிற்று. ஆயுத பூஜை வந்தது, பச்சைத் துணிக்கும் வாட்ச்மேனின் விசிலுக்கும் சந்தனம் வைத்தார்கள்.

ராஜப்பனின் கால் மெலிந்துகொண்டே போயிற்று. செக்கப்புக்குப் போனபோது டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்துவிட்டு மாதேஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த மாதத்துக்குள் வெளியே நடக்க ஆரம்பிக்காவிட்டால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அன்றைக்கு ஆட்டோவில் திரும்பும்போது அவளுக்கு அழுகை வந்தது. ராஜப்பன் பக்கத்தில் இருந்ததால் புகை கண்ணில் படுகிறது என்று முந்தானையால் மூடிக்கொண்டாள். ஆத்திரத்தில் அப்படியே மன்றத்துக்குப் போய் விஜயகுமாரிடம், பெஞ்சு எப்போதுதான் வரும் என்று கேட்டாள். அவசரப்பட்டுச் செய்தால் அது வெறும் உபயோகப் பொருளாகிவிடும் அம்மா என்றார் அவர்.

ஒருவழியாகத் திறப்பு விழாவுக்குத் தேதி வைத்தார்கள். முதலில் உட்காரும் பெருமையை ராஜப்பனுக்கே தருவதென்று மன்றம் ஏகமனதாக முடிவெடுத்து, ஆள் விட்டுச் சொல்லியனுப்பியது. காரிலேயே கூட்டிப்போகிறோம் என்றார்கள். ராஜப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. உட்காரும் இடம் இருக்கிறதென்றால் நடந்தே வருகிறேன் என்றார். படியைத் தாண்டமாட்டேன் என்று சபதம் போட்ட மனுசன் சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, மாதேஸ்வரி கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நின்று நின்று வந்தார்கள். பாதி வழியிலேயே சட்டை நனைந்துவிட்டது. "இன்னங் கொஞ்ச தூரந்தான், போனதும் உக்காந்துக்கலாம்" என்று அவள் சொல்லிச் சொல்லியே நடத்தினாள்.

ஸ்டாப்பில் பந்தல் போட்டிருந்தது. பந்தல்காரர் மணிகண்டனின் கடைச் சேர்களெல்லாம் ஒரு பெரிய கல்யாணத்துக்குப் போய்விட்டன. மிச்சமிருந்தது மாப்பிள்ளையும் பொண்ணும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் சோபா ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து போட்டு, விஜயகுமாரை அதன் நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். மற்ற எல்லோரும் நின்றார்கள். அவர் உட்கார்ந்தபடியே மைக்கில் பேசினார். உட்காருவதற்கு மனிதன் எவ்வளவு காலம் போராடியிருக்கிறான், உட்காரும் உரிமைதான் எல்லா உரிமைக்கும் தாய் என்றெல்லாம் பேசிக்கொண்டே போனார். ராஜப்பன் மாதேஸ்வரியின் தோளைப் பிடித்திருந்த பிடி இறுகிக்கொண்டே வந்தது. எப்போது முடிப்பார் இந்த ஆள் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

துணியை விலக்கினார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அழகு அழகுதான். நீளமான ஒரே கல்லில் வாசற்படி. ரெண்டு பக்கமும் நிலைக்கால், கொடி ஓடி, கிளி உட்கார்ந்து, தாமரை விரிந்து மேலே போகிறது. தலைக்குமேல் உத்தரக்கல், அதில் மாவிலைத் தோரணம் ஒவ்வொரு நரம்பும் தெரிகிற மாதிரி. படியில் மஞ்சளும் குங்குமமும். வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனி ஒன்று மழைக்கும் வெயிலுக்கும் அழியாத மஞ்சளைத் தயாரித்துக் கொடுத்திருந்தது. நடுவில் கோலம். அது மாதேஸ்வரி வீட்டுக் கோலமேதான். வீடே இல்லாமல் ஒரு வாசல் மட்டும் ரோட்டோரத்தில் நின்றது. சாந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ராஜப்பனை மைக்கில் கூப்பிட்டார்கள். போட்டோகிராபர் முட்டி போட்டார். மாதேஸ்வரி அவரை மெல்ல நடத்திப்போய், திருப்பி நிறுத்தி, கையை விட்டாள். ராஜப்பன் பின்னால் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். இத்தனை மாதம் காத்திருந்தது இதற்குத்தான். அப்போது அவளையும் மீறி அவள் வாயே சொல்லிற்று.

"வாசப்படியில உக்காராதீங்க."

தினமும் சொல்கிற வார்த்தை. தெருப் பிள்ளைகளுக்குச் சொன்னது, வந்தவர் போனவருக்குச் சொன்னது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ராஜப்பனோ அந்த வார்த்தையைக் கேட்டே பழகிய உடம்பு, பாதியில் அப்படியே நின்று நிமிர்ந்துவிட்டார்.

"ஹௌது" என்றாள் சாந்தம்மா. "ஹொஸ்தில் மேலே கூத்கோபார்து." ஆமாம், படிமேல் உட்காரக்கூடாது என்று மூன்று மொழியிலும் கூட்டத்துக்குள் ஓடியது. படியில் உட்கார்ந்தால் வீட்டுக்கு லட்சுமி வரமாட்டாள் என்றார் ஒருவர். விளக்கு வைக்கிற நேரம் வேறு என்றார் இன்னொருவர். மண்டபத்தில் கூட்டு வெளிப்பாடு செய்தபோதுகூட இவ்வளவு ஒற்றுமை இல்லை.

விஜயகுமார் மைக்கில் தைரியம் சொன்னார். இது கலை, வாசற்படி அல்ல, வாசற்படியின் கருத்துதான் என்றார். யாராவது வந்து உட்காருங்கள் என்றார். எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். டிசைன் செய்தவளே உட்கார்ந்து காட்டட்டும் என்று யாரோ சொல்ல, ரெனிட்டா முன்னால் வந்தாள். படிக்குப் பக்கத்தில் வந்து திரும்பி நின்றவள் கூட்டத்தில் அம்மாவைப் பார்த்துவிட்டாள். ஜெபசீலி சும்மா ஒரு பார்வை பார்த்தாள். "மம்மி திட்டுவாங்க சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ரெனிட்டா போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

இதற்குள் ராஜப்பனின் கால் உதற ஆரம்பித்துவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. திரும்பிப் போகவும் முடியாது, நிற்கவும் முடியாது. மாதேஸ்வரிக்குத் தன் வாயின்மேலேயே ஆத்திரம் வந்தது. அதோடு வாசலின்மேல், மன்றத்தின்மேல், லாரிக்காரன்மேல், எல்லாவற்றின்மேலும் வந்தது. சுற்றிப் பார்த்தாள். பந்தலில் உட்காருகிற மாதிரி இருந்தது ஒன்றே ஒன்று. அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டு நேராக அங்கே போனாள்.

"சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

பஸ்ஸில் தினம் நூறு பேர் நூறு பேரிடம் சொல்கிற வார்த்தைதான். விஜயகுமாருக்கு அது புதிது. தலைவரை எழுந்திருக்கச் சொல்லியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், மறுத்திருப்பார். தள்ளி உட்காரச் சொன்னால் என்ன செய்வதென்று மன்றத்து விதியில் இல்லை. "இது தலைவர் இருக்கைம்மா, அதோ பெஞ்சு இருக்குதே" என்றார்.

"அப்ப நீங்க அங்க போய் உக்காருங்க சார். இத இவருக்கு விட்டுருங்க."

கூட்டம் அவரையே பார்த்தது. விஜயகுமார் எழுந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். பெஞ்சைப் பார்த்து ரெண்டு எட்டு வைத்தார். அந்த மஞ்சளும் குங்குமமும் பக்கத்தில் வர வர அவர் நடை குறைந்தது. ராயக்கோட்டையிலும் வீடுகளுக்கு வாசல் உண்டு, அவரையும் ஒரு தாய்தான் வளர்த்திருக்கிறாள். நின்றார். கொஞ்ச நேரம் கல் வேலைப்பாட்டை ரசிக்கிற மாதிரி தலையை ஆட்டினார். அப்புறம் திரும்பி வந்து, சோபாவின் ஒரு ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்தார்.

மாதேஸ்வரி ராஜப்பனை மறு ஓரத்தில் உட்காரவைத்தாள். அப்பாடா என்று அவர் விட்ட மூச்சு மைக்கில் விழுந்து பாகலூர் ரோடு முழுக்கக் கேட்டது. சிவப்பு வெல்வெட்டில் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில், எதிரே கேமராக்காரர். மாலை ஒன்றுதான் குறைச்சல். சாந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் விஜயகுமார் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்.

"வீட்லருந்து நடந்தேவா வந்தீங்க?"

"ஆமாங்க சார்."

"எதுக்கு?"

"உக்காரத்தாங்க."

விஜயகுமார் கம்பெனியில் இருந்த காலத்தில் அவரிடம் எதிரே நின்று பேசியவர்கள்தான் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசிய ஆள் யாரும் கிடையாது. எதிரே இருந்த கல் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. மைக்கை எடுத்தார். இந்த மாபெரும் படைப்பை இங்கே உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அதன் முழு அழகும் விளங்குகிறது என்றார். நின்று பார்க்கிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்காமல் போகலாமா என்று கேட்டார். ஆகவே, கலை இருக்கையைக் கண்டு களிக்க வருகிற பொதுமக்களுக்காக எதிரிலேயே ஒரு பார்வையாளர் வசதி செய்து தரப்படும் என்று அறிவித்தார். இதற்குப் பட்டறை வேண்டாமா என்று மன்றத்து ஆள் ஒருவர் காதில் கேட்டார். அது வசதிதானே, வசதிக்கு எதற்கு டிசைன் என்றார் விஜயகுமார்.

அடுத்த வாரத்துக்குள் பார்வையாளர் வசதி வந்துவிட்டது. ரெண்டு கால், மேலே ஒரு பலகை, சிமென்ட். கல் வாசலைப் பார்க்கிற மாதிரி போட்டதால் ரோட்டுக்கு முதுகு காட்டி இருந்தது. பஸ்ஸுக்கு வருகிறவர்கள் உட்கார்ந்தால் பஸ் வருவது தெரியாது. அதனால் முறை வைத்து ஒருத்தர் நின்று ரோட்டைப் பார்த்துச் சொல்ல, மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். 'கலை இருக்கையைப் பார்வையிடுவோர் மட்டும் அமரவும்' என்று ஒரு போர்டு வைத்தார்கள். வாட்ச்மேன் உட்காருகிற ஒவ்வொருத்தரிடமும் பார்க்கத்தானே வந்தீர்கள் என்று கேட்பார். ஆமாம் என்றால் விட்டுவிடுவார், பாவம் அவருக்கும் வேலை வேண்டுமே.

ராஜப்பன் தினமும் நடந்து வந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன், பார்க்க வந்தேன் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டதற்காகவே உட்கார்ந்த நேரம் முழுக்க அந்தக் கல் வாசலை வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். ஷிப்ட் முடிந்து மாதேஸ்வரி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் முதுகுதான் முதலில் தெரியும். ஒருநாள் அவள் நேராக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, நாளெல்லாம் நின்ற காலை நீட்டிக்கொண்டாள். சாயந்தர வெயில் கிளிமேலும் கொடிமேலும் விழுந்துகொண்டிருந்தது. படி சுத்தமாக இருந்தது, யாரோ பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"உக்காந்து பாத்தா நல்லாத்தான் இருக்குது, மாதேசு" என்றார் ராஜப்பன்.